பத்து குடும்பம், 400 சதுர மீட்டர் நிலம்: விவசாய வேலைகளில் எதை முதலில் கற்றுக்கொள்வது?

பத்துவீடு (கேள்வி)

வணக்கம். எங்கள் குடியிருப்பில் பத்து குடும்பங்கள் சேர்ந்து 400 சதுர மீட்டர் காலி இடத்தைப் பயிரிட எடுத்திருக்கிறோம். தொட்டிச் செடிக்கு மேல் யாருக்கும் பழக்கமில்லை. வெளியிலிருந்து வரும் சரக்கு சில வாரம் தடைப்பட்டாலும் விலை எகிறினாலும் இந்தப் பத்து வீட்டுச் சமையல் தடுமாறக் கூடாது. அதுதான் நோக்கம்.

இடத்தைப் பற்றி: நாள் முழுக்க வெயில் உண்டு. மண் இறுகிக் கிடக்கிறது, களை நிறைய. ஒரே ஒரு குழாய், 20 லிட்டர் பக்கெட் நிரம்ப ஒரு நிமிடம் ஆகும், ஆனால் தினமும் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். வடக்குப் பக்கம் பழைய கட்டடச் சுவர், பெயின்ட் உரிந்து கொட்டுகிறது.

மூன்று கேள்விகள். இந்த இடத்திலிருந்து உண்மையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எந்த வேலையை எந்த வரிசையில் கற்றுக்கொள்வது? ஒவ்வொரு பட்டத்துக்கும் (விதைப்புப் பருவத்துக்கும்) விதை வாங்குவதா, நாங்களே எடுத்து வைப்பதா?

நாற்றங்கால்

கணக்கிலிருந்து தொடங்குவோம், இல்லாவிட்டால் ஆறாவது மாதம் பாதிப் பேர் சோர்ந்து விலகிவிடுவார்கள்.

உலக உணவுத் திட்டம் நிவாரணம் திட்டமிடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்கிறது. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய ஏழே முக்கால் லட்சம். சக்கரவள்ளிக்கிழங்கு நன்றாக வந்தால் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ எடுக்கலாம், கிலோவுக்குச் சுமார் 860 கிலோ கலோரி. அப்படிப் பார்த்தால் ஒரே ஒரு ஆளின் வருடத் தேவைக்கு வருடம் ஒரு போகமாக 600 சதுர மீட்டர் வேண்டும். உங்களிடம் இருப்பதோ 400, அதிலும் நடைபாதை, எருக்குழி, நாற்றங்கால் போக பாத்தியாக நிற்பது 250 இருக்கும். ஆகவே பத்து வீட்டுப் பசியையும் இந்த இடம் ஆற்றாது.

காய், கீரை பக்கம் கணக்கு கொஞ்சம் இளகும். உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனி. நாற்பது பேர் என்றால் 16 கிலோ. 250 சதுர மீட்டரில் போகத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ, வருடத்துக்கு மூன்று போகம் என்று எடுத்தால் 1,500 கிலோ, அதாவது நாளுக்கு 4 கிலோ. தேவையில் கால் பங்கு. புதுக் கைகளுக்கு முதல் வருடம் இதில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல்.

அதனால் என் கருத்து இது: இந்த நிலத்தில் கீரை, காய் வரட்டும், ஆனால் முக்கிய விளைச்சலாக நினைக்க வேண்டியது விதையையும் பழகிய கைகளையும். பத்து வீட்டிலும் வீட்டுக்கு ஒருவர் மண்ணைப் பதப்படுத்தவும், நாற்று எழுப்பவும், விதை எடுக்கவும், காய வைத்துச் சேமிக்கவும் தெரிந்திருந்தால், நாளை கூடுதல் நிலம் கிடைக்கும்போது ஒரே பட்டத்தில் பெருக்கிவிடலாம். விதையும் தெரியாமல் வேலையும் தெரியாமல் நிலம் மட்டும் கிடைத்து என்ன செய்வது?

இனி வேலைக்கு வருவோம். முதல் பட்டத்தில் 100 சதுர மீட்டருக்கு மேல் தொடாதீர்கள். மீதி இடத்தில் களையைப் பூ வைக்கும் முன் அறுத்து அறுத்து எருக்குழியில் போடுங்கள்.

மண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மேல் புல்லை நீக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, கல், வேர் பொறுக்கி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போடுங்கள். கழுத்து வரை தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். களி படிய ஒன்றிரண்டு நாள் ஆகும். மூன்று அடுக்கின் உயரத்தையும் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். களி பாதிக்கு மேல் இருந்தால் ஈரமாக இருக்கும்போது மண்வெட்டி வைக்கவே கூடாது. ஒரு பிடி மண்ணை உருட்டி, கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். நசுங்கிப் பிசுபிசுத்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈரக் களியைக் கொத்தினால் அது கட்டியாக இறுகிவிடும், பழையபடி பொலபொலப்பாக ஒரு பட்டம் முழுக்கப் போகும்.

பாத்தி அகலம் 1.2 மீட்டர், நடைபாதை 45 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் நின்று கையெட்டி வேலை செய்ய இதுதான் அளவு. பாத்திமேல் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக வையுங்கள், குழந்தைகளுக்கும் சேர்த்து. கடப்பாரையாலோ தோட்ட முள்கரண்டியாலோ 30 சென்டிமீட்டர் ஆழம் நெம்பித் தளர்த்தினால் போதும், அடிமண்ணை மேலே புரட்டிப் போட வேண்டாம்.

மக்கு உரம்தான் பலரும் குறைவாக மதிப்பிடும் வேலை. 100 சதுர மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் கனம் பரப்ப 2 கன மீட்டர் வேண்டும். மக்கும்போது குவியல் பாதிக்கும் கீழே இறங்கும், ஆகவே பச்சையும் காய்ந்ததுமாக 4 முதல் 5 கன மீட்டர் சேர்க்க வேண்டியிருக்கும். பத்து வீட்டுச் சமையலறைக் கழிவு மட்டும் இதற்குக் காணாது. சருகு, வைக்கோல், மரத்தூள் என்று காய்ந்த சரக்குக்கு இப்போதே வழி தேடுங்கள். காய்ந்தது மூன்று கூடை, பச்சை ஒரு கூடை என்ற கணக்கில் அடுக்குங்கள். குவியல் ஒரு மீட்டர் நீள அகல உயரத்துக்குக் குறைந்தால் சூடேறாது. ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: இரண்டு மூன்று சொட்டு விழுந்தால் சரி, ஒழுகினால் அதிகம், விரல் நனையாவிட்டால் குறைவு. உள்ளே 55 முதல் 65 டிகிரி போக வேண்டும். மூக்கில் ஏறும் அமோனியா வாடை வந்தால் பச்சை அதிகம், சருகு சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்றில்லை, கிளறிப் போடுங்கள். சூடே ஏறவில்லை என்றால் ஈரமோ பச்சையோ போதவில்லை. வெந்ததா என்று சோதிக்க ஒரு பிடியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். மண் வாசனை வந்தால் போடலாம், புளித்த நாற்றம் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும்.

வெளியிலிருந்து சாணமோ வைக்கோலோ வாங்கினால் ஒரு எச்சரிக்கை. சில களைக்கொல்லிகள் மாடு தின்று சாணமாகி மக்கிய பிறகும் வீரியத்தோடு இருக்கும். மூன்று தொட்டியில் அந்த எருவும் மண்ணும் கலந்து, மூன்றில் வெறும் மண் வைத்து, ஆறிலும் பீன்ஸ் போடுங்கள். மூன்று வாரத்தில் எருத் தொட்டிச் செடியின் இலை மட்டும் கிண்ணம் போல் சுருண்டு முறுக்கினால் அந்தச் சரக்கை நிலத்துக்குள் விடாதீர்கள். பச்சைச் சாணத்தை அப்படியே போடுவதாக இருந்தால், மண்ணைத் தொடும் கீரை, கிழங்குக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டுவிட வேண்டும்.

அந்தப் பெயின்ட் சுவர் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். சுவரோர மண்ணைத் தனியாகவும் நடு நிலத்து மண்ணைத் தனியாகவும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயத்துக்கென்றே பரிசோதிக்கச் சொல்லுங்கள், சாதாரண மண் பரிசோதனையில் அது வராது. முடிவு வரும்வரை சுவரை ஒட்டி ஒரு மூன்று மீட்டருக்குக் கீரையோ கிழங்கோ வேண்டாம். ஈயம் இலையிலும் வேரிலும்தான் அதிகம் சேரும், இலையில் ஒட்டும் புழுதி வழியாகவும் உள்ளே போகும். குழந்தைகளைத்தான் அது அதிகம் பாதிக்கும். அந்த இடத்தைக் கருவிக் கொட்டகையாக வைத்துக்கொள்ளலாம்.

வேர்முடிச்சு

நாற்றங்கால் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. பயிர்த் தேர்வை மட்டும் சேர்க்கிறேன். புதியவர்கள் எல்லாரும் தக்காளியில் கை வைக்கிறார்கள். நோய், பூச்சி, முட்டுக்கொடுப்பு எல்லாம் ஒன்றாக வந்து மிரட்டும் பயிர் அது. முதல் பட்டத்துக்கு நான்கு பயிர் போதும்: தண்டுக்கீரை, தட்டைப்பயறு, சக்கரவள்ளி, பூசணி. ஒவ்வொன்றும் ஒரு தனி வேலையைக் கற்றுத் தரும்.

தண்டுக்கீரை 25, 30 நாளில் கைக்கு வரும். பொடி விதையை விதைக்கப் பழக்குவது இதுதான். விதையைப் பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவினால் சீராக விழும், பிறகு மண்ணைக் கையால் தடவிவிட்டால் போதும். எந்த விதைக்கும் ஆழம் அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு. பொடி விதையை விரல் ஆழத்தில் புதைத்துவிட்டு விதை சரியில்லை என்பார்கள்! பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக விதையுங்கள், கீரை தொடர்ந்து கிடைக்கும்.

தட்டைப்பயறு வரிசைக்கு வரிசை 45, செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் ஆழம். பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுத்து, தண்ணீரில் அலசி வேரைப் பாருங்கள். சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்படியானால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. எரு தாராளமாகப் போட்ட பாத்தியில் முடிச்சு குறையும், இலை கரும்பச்சையாகக் கொழுக்கும், காய் பிடிக்காது. ஆகவே பயறுப் பாத்திக்கு எருவைக் குறையுங்கள்.

இதே போல் இன்னொன்றும் வேரில் இருக்கும், அது மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவால் வரும் வீக்கம். பயறு முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், தேய்த்தால் உதிரும். நூற்புழு என்றால் வேரே வீங்கியிருக்கும், தேய்த்தாலும் வராது. வீக்கத்தைக் கண்டால் அந்தப் பாத்தியில் அடுத்துத் தக்காளி, கத்தரி, வெண்டை எதுவும் வைக்காதீர்கள்.

சக்கரவள்ளிக்கு விதை வேண்டாம், கொடித் துண்டு போதும். கொடி நுனியிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் வெட்டி, கணுக்களில் பாதி மண்ணுக்குள் போகும்படி வரப்புமேல் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். மூன்று நான்கு மாதப் பயிர். தழைச்சத்து மிஞ்சினால் கொடி ஓடும், கிழங்கு இராது. மண் வெடித்துக் கிழங்கு வெளியே தெரிந்தால் கூன்வண்டு அந்த வெடிப்பு வழியாக இறங்கி முட்டையிடும், மண் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தோண்டியதும் கழுவாதீர்கள். நிழலில், கதகதப்பும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் ஐந்தாறு நாள் வைத்தால் வெட்டுக்காயங்கள் ஆறித் தோல் கட்டும், பிறகு மாதக்கணக்கில் இருக்கும்.

பூசணியைக் காம்போடு, நாலு விரல் நீளம் விட்டு அறுங்கள். காம்பு முறிந்த காய் முதலில் அழுகும், அதை முதலில் சமைத்துவிடுங்கள்.

விதைக்கலயம்

விதைக் கேள்விக்கு: எடுத்து வையுங்கள், ஆனால் எல்லாப் பயிரிலும் முதல் பட்டத்திலேயே முயல வேண்டாம். வாங்கும்போதே பாக்கெட்டைப் பாருங்கள். ஹைப்ரிட், எஃப்1 (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை) என்று இருந்தால் அதன் விதையிலிருந்து வரும் செடிகள் ஆளுக்கொரு குணத்தோடு வரும். நாட்டு ரகமோ, திறந்த மகரந்தச் சேர்க்கை ரகமோ வேண்டும்.

தட்டைப்பயறு, பீன்ஸ், தக்காளி ஆகியவை பெரும்பாலும் தன் பூவிலேயே சேர்ந்துகொள்ளும். இங்கிருந்து தொடங்குங்கள். வெண்டை, கத்தரி, மிளகாய் ஓரளவு தேனீயால் கலக்கும், அதனால் ஒரு பட்டத்துக்கு ஒரு ரகம் மட்டும் வைத்தால் போதும். தண்டுக்கீரையின் மகரந்தம் காற்றில் பறக்கும், பக்கத்து முள்ளுக்கீரையோடுகூடச் சேரலாம். மக்காச்சோளம் உங்களுக்கு இப்போது வேண்டவே வேண்டாம்: சுற்றிலும் சில நூறு மீட்டருக்கு வேறு ரகம் இருக்கக் கூடாது, நூறு செடிக்குக் குறைவாக எடுத்தால் சில தலைமுறையில் வீரியம் இறங்கிவிடும்.

பயறில் செய்ய வேண்டியது: நல்ல வளர்ச்சியுள்ள 20, 30 செடிகளுக்குப் பூக்கும்போதே துணி கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றில் ஒரு காய்கூடச் சமையலுக்குப் பறிக்கக் கூடாது. எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது: நல்லதையெல்லாம் தின்றுவிட்டு, கடைசியில் மிஞ்சிய சோனிக் காயை விதைக்கு விடுகிறார்கள். வருடா வருடம் அப்படிச் செய்தால் பிந்திக் காய்க்கும் செடியைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

தக்காளியில் குறைந்தது ஆறேழு செடியிலிருந்து நன்கு கனிந்த பழம் எடுத்து, விதையைச் சாறோடு கண்ணாடிக் குவளையில் பிதுக்கி, மூடாமல் துணி போட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள். தினமும் கலக்குங்கள். மேலே ஏடு கட்டும், வாடை வரும், விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கரையும். அதற்குமேல் விட்டால் குவளையிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். பீங்கான் தட்டில் பரப்பிக் காய வையுங்கள், காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். கத்தரியில் கறிக்குப் பறிக்கும் பருவத்தில் விதை இராது, காய் மஞ்சளாகித் தொங்கும்வரை விட வேண்டும்.

பூசணியில் கலப்பைத் தடுக்கக் கையால் சேர்ப்பது சுலபம். மாலையில், மறுநாள் விரியப்போகும் மொட்டுகளைத் தேடுங்கள், நுனியில் மஞ்சள் தெரியும். காம்பு மெலிந்தது ஆண் பூ, அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. இரண்டு ஆண், ஒரு பெண் மொட்டின் நுனியைத் துணி கிளிப்பால் பிடித்துவிடுங்கள். காலையில் தேனீ வரும் முன், ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தடவி, திரும்பவும் கிளிப் போடுங்கள். காம்பில் நூல் கட்டுங்கள். அந்தக் காயைக் கொடி காயும்வரை விட்டு, பறித்த பிறகும் மூன்று வாரம் வைத்துத்தான் விதை எடுக்க வேண்டும்.

விதையைக் காய வைப்பது நிழலில், காற்றோட்டத்தில். 35 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது, ஆகவே தார்ப்பாய் விரித்து உச்சி வெயிலில் போடுவது தவறு. காய்ந்த பின் விதையின் ஈரத்தில் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும், வைக்கும் இடத்தின் சூடு ஒவ்வொரு 5 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொது விதி. இன்னும் ஈரம் இழுக்க, அரிசியை வறுத்து நன்றாக ஆறவிட்டு, துணிமுடிச்சாக விதையின் எடைக்குச் சமமாகப் போட்டு இறுக்கமான பாட்டிலில் மூடுங்கள். பத்து நாள் கழித்து அரிசியை எடுத்துவிடலாம். ரகம், எடுத்த மாதம், எத்தனை செடியிலிருந்து என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு விதையையும் மூன்று வீட்டில் பிரித்து வையுங்கள். ஒரே வீட்டில் எலி புகுந்தால் ரகமே போய்விடும்.

விதைக்கும் முன் 50 விதையை ஈரத் துணியில் சுருட்டி ஒரு வாரம் பாருங்கள். 40க்கு மேல் முளைத்தால் கவலையில்லை. 30 என்றால் கூடுதலாகப் போடுங்கள். 25க்குக் கீழே போய்விட்டால் அந்த ரகத்தை இந்தப் பட்டமே விதைத்துப் புது விதை எடுத்தாக வேண்டும்.

குதிர்

எல்லாரும் விளைவிப்பதைப் பேசிவிட்டீர்கள். சரக்கு தடைப்படும் வாரங்களில் கைகொடுக்கப் போவது ஏற்கனவே காய்ந்து உள்ளே இருப்பதுதான். பயறு விளைந்த பிறகு போவது வண்டுக்கும் பூஞ்சைக்கும்தான்.

எவ்வளவு காய்ந்தது என்று பார்க்க உப்புச் சோதனை செய்யுங்கள். காய்ந்த கண்ணாடி பாட்டில், வெயிலில் காய்ந்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம். மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றால் 15க்குக் கீழே என்று மட்டும்தான் அர்த்தம். தானியத்துக்கு 13, பயறுக்கு 12 வரை இறங்க வேண்டும், அதனால் உப்பு ஒட்டாத பிறகும் இரண்டு நல்ல வெயில் கொடுங்கள். நிலக்கடலைக்கு 7, 8 வேண்டும். இதில் அலட்சியம் கூடாது. ஈரத்தோடு கட்டிவைத்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், சமைத்தாலும் அது போகாது, கல்லீரலைக் கெடுக்கும். பூஞ்சை கண்ட கடலையைப் பொறுக்கி ஆட்டுக்கோ கோழிக்கோ போடுவதும் வேண்டாம்.

பயறு வண்டு குடத்தில் பிறப்பதில்லை. வயலிலேயே காய்மேல் முட்டையிடும், புழு பயறுக்குள் துளைத்து இறங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அறுவடை முடிந்து மூன்று நான்கு வாரத்தில் வட்ட ஓட்டையோடு வண்டு வெளியேறும், ஒவ்வொன்றும் பல பத்து முட்டையிடும். ஆகவே காய் காயக் காயப் பறித்துவிடுங்கள், உடைத்து உடனே சிகிச்சை செய்யுங்கள். சாப்பாட்டுக்கான பயறுக்கு வெயில் முறை: தரையில் சாக்கோ வைக்கோலோ பரப்பி, மேலே கருப்பு பிளாஸ்டிக், அதில் விரற்கடை கனத்துக்குப் பயறு, மேலே தெளிவான பிளாஸ்டிக், ஓரம் முழுக்கக் கல் வைத்துக் காற்றுப் போகாமல் அழுத்துங்கள். உள்ளே 57 டிகிரி ஒரு மணி நேரம் நின்றால் முட்டையிலிருந்து வண்டு வரை எல்லாம் சாகும். மேகமில்லாத உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் விட்டால் நிச்சயம். விதைக்கு ஒதுக்கியதை இதில் போடாதீர்கள். அதற்குக் கிலோவுக்கு 5 மில்லி சமையல் எண்ணெய் விட்டு ஒவ்வொரு மணியும் மினுங்கும்படி பிசறி வைத்தால், முட்டை பிழைக்காது.

பிறகு காற்றுப் புகாத டிரம் அல்லது மூன்றடுக்குப் பை. உள்ளே தப்பிய பூச்சி இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அடங்கிவிடும். அது நடக்க டிரம் கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும், ஒரு மாதம் திறக்கக் கூடாது. அரை டிரம் வைத்து வாரம் ஒருமுறை திறந்து எடுத்தால் ஒரு பலனும் இல்லை. பெரிய டிரம் ஒன்றுக்குப் பதில் ஐந்து லிட்டர் டப்பாக்கள் வாங்குங்கள், ஒவ்வொன்றாகத் திறக்கலாம். காயாத சரக்கை இப்படி அடைத்தால் உள்ளேயே புழுங்கிக் கெடும்.

பத்துவீடு

அனைவருக்கும் நன்றி. ஈயச் சோதனைக்கு மண் எடுத்து அனுப்புகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். வறட்சி மாதத்தில் குழாய் அரை மணி நேரமாகக் குறையும் என்கிறார்கள், எந்தப் பயிரைக் கைவிடுவது? அடுத்தது, இதையெல்லாம் ஒருவரே செய்து மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை வராமல், பத்துப் பேருக்கும் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

களத்துமேடு

இரண்டாவது சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். 1989இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய வயல்வெளிப் பள்ளி முறை உங்களுக்கு அப்படியே பொருந்தும். விதைப்பிலிருந்து அறுவடை வரை ஒரு பட்டம் முழுக்க, வாரம் ஒரு நாள், வயலிலேயே வகுப்பு. பாடம் நடத்துபவர் பதில் சொல்வதில்லை, என்ன தெரிகிறது என்று திருப்பிக் கேட்பார்.

இரண்டிரண்டு வீடாக ஐந்து குழு. ஒவ்வொரு குழுவும் வாரம் பத்துச் செடி பார்த்து, உயரம், இலை எண்ணிக்கை, கண்ட பூச்சிகள், மண் ஈரம் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் படமாக வரைய வேண்டும். செடியின் ஒரு பக்கம் கேடு செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி. படத்தை வைத்துப் பேசி, இந்த வாரம் என்ன செய்வது என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும். பெயர் தெரியாத பூச்சியை, செடிச்சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியோடு ஒரு பாட்டிலில் விட்டு மெல்லிய துணி கட்டி மறுநாள் பாருங்கள், யார் யாரைத் தின்றார் என்று தெரிந்துவிடும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சைக் கேடு செய்யும் புழு என்று நினைத்து நசுக்குவது அன்றோடு நிற்கும். இன்னொரு சோதனை: சிறு வரிசை ஒன்றில் இளஞ்செடிகளின் இலையில் கால் பங்கைக் கத்தரித்துவிட்டு, பக்கத்து வரிசையோடு விளைச்சலை எடை போடுங்கள். இலையில் ஓட்டை கண்டதும் மருந்தைத் தேடி ஓடும் பயம் அதில் குறையும்.

ஒரு வேலையை ஒரு வீட்டுக்கென்று ஒதுக்காதீர்கள். எருக்குழி, நாற்று, விதை, உலர்த்தல் என்ற நான்கையும் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும் வாரத்தில் பழைய குழு புதிய குழுவோடு நின்று கையால் செய்துகாட்ட வேண்டும்.

நாற்றங்கால்

தண்ணீர்க் கணக்கு: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்பது 1 லிட்டர். வறண்ட நாளில் பயிர் 5 மில்லிமீட்டர் வரை குடிக்கும். உங்கள் குழாய் மணிக்கு 1,200 லிட்டர், அது 240 சதுர மீட்டருக்கு ஆகும். அரை மணி என்றால் 600 லிட்டர், 120 சதுர மீட்டர்தான். தண்ணீர் குறைந்தால் பரப்பைக் குறையுங்கள். எல்லாப் பாத்திக்கும் அரைகுறையாக ஊற்றினால் வேர் மேலாகவே நிற்கும், எல்லாம் ஒன்றாக வாடும்.

முதலில் விட வேண்டியது கீரைப் பாத்தி, மழை வந்ததும் ஒரு மாதத்தில் திரும்ப எடுத்துவிடலாம். சக்கரவள்ளி வேரூன்றிய பிறகு தாங்கும், வாரம் ஒரு ஆழமான தண்ணீர் போதும். தட்டைப்பயறும் தாங்கும், ஆனால் பூ எடுத்து காய் நிரம்பும் இரண்டு மூன்று வாரம் மட்டும் காய விடாதீர்கள், அங்கே கண்டிப்பாகத் தண்ணீர் வேண்டும். விதைக்கென்று துணி கட்டிய செடிகளுக்கு எப்போதும் முதல் உரிமை.

தரையை வெறுமையாக விடாமல் சருகோ வைக்கோலோ 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்குப் போடுங்கள், ஆனால் நனைத்த மண்மேல் போடுங்கள். காய்ந்த மண்மேல் போட்டால் சிறு தூறலை மூடாக்கே குடித்துவிடும். தண்டை ஒட்டி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். பூசணிக்குப் புதைபானை வைக்கலாம்: பூச்சு இல்லாத, ஏழெட்டு லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, சுற்றி நான்கு விதை போட்டு, பானையை நிரப்பி மூடி வையுங்கள். மண் காயக் காய நீர் கசியும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். பானை வாங்கும்போது தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்து, காலையில் வெளிப்புறம் வேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வேர்க்காத பானை இதற்கு உதவாது.